எட்டு நாள் விட்டுவைத்த கித்தார்

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ கேட்டாய்: "மா, கல்யாணத்துக்கு வரும்போது உனக்கு என்னா எடுத்துட்டு வரட்டும்? இங்க ஒரு கடையில பழைய கித்தார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பாத்தா மயங்கிடுவே." குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி நான் ஃபோனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை. உனக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் லைன் கொடுத்தவள் நான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசுகிறவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உன் குரல் அப்படித்தான் இருந்தது. என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று இன்றைக்கே தபாலில் போடுகிறேன். ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவளும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

டாரத்தி ஆன்ட்டி வீட்டு கித்தாரை நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் ஞாயிறு தவறாமல் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, ஆபீஸ் எப்படி என்று எல்லாம் கேட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடிக்காமல் போய்விடுமோ என்று பயம். உன் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிக்கொண்டிருக்க முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் உனக்கு உறைக்கும்.

பழைய வாத்தியங்களைச் சேர்க்கிற இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ பல பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாய். பாதிதான் உனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. என்னோடு வேலை செய்த சட்டைக்காரப் பெண்கள், அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்கள், ஒவ்வொருத்தியாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். போகிறவர்கள் கட்டிலையும் அலமாரியையும் விற்றார்கள். யாரும் வாங்காத சாமான் பழைய பேப்பர், தகரம் எடுக்கிற பாஷா பாயின் குஜிரிக் கடைக்குப் போனது. ஒருநாள் அந்தப் பக்கம் லூனாவில் வரும்போது பார்க்கிறேன், பாஷா பாய் ஒரு பாஞ்சோவைத் தராசில் வைக்கிறார். தோல் கிழிந்து, வட்ட வளையமும் அதைச் சுற்றித் திருகாணிகளும் மட்டும் மிச்சம். "இதுல பித்தளை நல்லா தேறும் அக்கா" என்றார். எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் இறங்கிப் போய் அதைத் தராசிலிருந்து பிடுங்கினேன். லூனா ரோட்டில் விழுந்தது. அதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு கித்தாரோ மேண்டலினோ எது வந்தாலும் பாஷா பாய் பையனை அனுப்பிவிடுவார். நம் தெருவில் என் பெயரே கித்தார் அம்மா என்று ஆகிப்போனது. எனக்கு வாசிக்க வராது என்பதுதான் இதில் வேடிக்கை. தந்தியில் மூன்று கார்டு பிடிக்கத் தெரியும், அதிலும் ஒன்று இழுக்கும்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரிந்துகொண்டேன். பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்து லேபிளைப் படிப்பேன். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திருகாணிகள் ஒரே வயதா, நடுவில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கழுத்தில் குறுக்கே ஓடும் ஃப்ரெட் கம்பிகளின் தேய்மானம். முதல் மூன்று கம்பி மட்டும் தேய்ந்திருந்தால் பாட்டுக்குக் கூட வாசித்த ஆள். நடுக்கம்பிகள் தேய்ந்திருந்தால் தனியாக வாசிக்கும் ஆசை இருந்த ஆள். எல்லாமே புதுசுபோல் இருந்தால் யாரோ வாங்கிக் கொடுத்து வேண்டாவெறுப்பாகக் கற்ற பிள்ளை. ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரிந்துகொள்கிற சந்தோஷம் எனக்கு. எக்ஸ்சேஞ்சிலும் அப்படித்தானே, குரல் மட்டும்தான் தெரியும். இத்தனை பேரை இப்படிப் படித்தவளுக்கு வீட்டுக்குள் இருந்த ஒருத்தனைப் படிக்கத் தெரியவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நீயும் அதைப் பார்த்தாய். குக் டவுனில் ஒரு குடும்பம் ஊரைக் காலிசெய்தது. அந்த வீட்டு அப்பா ஒரு மேண்டலினை எனக்கு விலைக்குக் கொடுத்தார். இத்தாலியில் செய்தது, பின்பக்கம் பூசணிக்காய் போல வரிவரியாக இருக்கும், நம் வீட்டு மேல் அலமாரியில் சிவப்பு உறையில் இருக்கிறதே, அதுதான். கேட்ட விலையைக் கொடுத்து அப்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண் நம் வாசலில் வந்து நின்றாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு, பதினான்கு. அவளைக் கேட்காமல் அப்பா கொடுத்துவிட்டாராம். அது அவளுடையதாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு கவரை நீட்டிக்கொண்டே அழுதாள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். "வாங்கியாச்சும்மா. கைக்கு வந்த பொருள் எங்களுது" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று நீ சொன்னாய், "குடுத்துடு மா, பாவம்." உன்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். கதவைச் சாத்தினேன். அந்த வாரமே அவர்கள் கப்பலோ விமானமோ ஏறிப் போய்விட்டார்கள். நான் அந்த மேண்டலினை வருடத்துக்கு ஒருதடவை துடைப்பேன், ஒருதடவைகூடத் தந்தியைத் தட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் எட்டு நாள் வழக்கத்தை வைத்தேன். பேசி முடித்து முன்பணம் கொடுத்தாலும் பொருளைக் கையோடு எடுக்கமாட்டேன். எட்டு நாள் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது மனம் மாறினால் ஆளை அனுப்பி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவர்கள் வீட்டுப் பக்கம் போய் முகத்தைக் காட்டிச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். எட்டாம் நாள் போவேன். வாங்குவதற்கு முன் ஒருதடவை வாசிக்கச் சொல்வேன், வாசிக்கத் தெரியாவிட்டால் ஒரு தந்தியையாவது மீட்டச் சொல்வேன். பிறகு விற்கமாட்டேன் என்று சத்தியம் செய்து எடுத்து வருவேன். சாந்தி நகரில் பழைய கித்தார் வாங்கி விற்கிற ஆட்கள் என்னைப் பார்த்து, "இந்தம்மாக்கு பிசினஸ் தெரியாது" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். இந்த வழக்கத்தால் நான்கு நல்ல கித்தார்கள் கைவிட்டுப் போயின. ஒன்றுக்கும் நான் வருத்தப்பட்டதில்லை.

உனக்கும் ஒரு துரோகம் செய்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸில் சேரவேண்டும் என்று நீ கேட்டபோது, "இந்த மாசம் கைல ஒண்ணுமில்லடா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன். அதே மாதம் ஆனேக்கலில் ஒரு வீட்டில் பன்னிரண்டு தந்தி கித்தார் இருக்கிறது என்று பாஷா பாய் சொல்ல, பஸ் பிடித்துப் போய் பேசி முடித்தேன். அது வீட்டுக்கு வந்த அன்று நீ பெட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாய். நீ கத்தியிருந்தால் நான் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். ஒரு வருடம் உன்னைக் காக்கவைத்தேன். மகனே, அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதை எடுத்து நீ செய்ததற்கு ஈடாக வைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளாதே. நான் உன்னிடம் செய்த தப்புக்கு நீ என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாம். எண்பது வயதை நெருங்குகிற ஒரு பெண்பிள்ளையிடம் போய் அதை வசூல் பண்ணியிருக்கக் கூடாது.

டாரத்தி ஆன்ட்டி வீடு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோல்ஸ் பார்க்குக்குப் பின்னால், முன்னால் சிவப்பு ஓட்டுச் சார்பு இறக்கிய வீடு. எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசர் அவள். ரிட்டயர் ஆன பிறகும் நாம் போய்வந்துகொண்டிருந்தோம். அவள் சுட்ட ரோஸ் குக்கீஸை டப்பாவோடு காலிசெய்வாய். அவள் வீட்டுக்காரர் சிரில் கண்டோன்மென்ட் ஓட்டல்களில் டான்ஸ் பேண்டில் வாசித்தவர். அவருடைய கித்தார் கட்டிலுக்கு அடியில் கறுப்புப் பெட்டியில் இருந்தது. யுத்த காலத்தில் இங்கே முகாம் போட்டிருந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது சிரிலுக்கு விட்டுப்போனது. நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் வளைந்த பிளவு. நெஞ்சு புடைத்திருக்கும். அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐந்தாவதிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை கம்பி தேய்ந்து தட்டையாகியிருந்தது. கழுத்தின் பின்னால் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் பாலிஷ் போய் வெறும் மரம் தெரிந்தது. மாதம் ஒருதடவை டாரத்தி ஆன்ட்டி பெட்டியைத் திறந்து, அந்த மரத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு மூடுவாள். ஐந்து வருடம் நான் அந்தக் கித்தாரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

அவளேதான் கேட்டாள். நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த வருடம். "எனக்கு அப்புறம் இது பாஷா தராசுக்குத்தான் போகும், நோ? நீ எடுத்துக்கோ, மை கேர்ள். சும்மா வேணாம், காசு குடு, சர்ச்சுல சிரில் பேருக்கு ஒரு பெஞ்ச் போடணும். ஆனா விக்கக்கூடாது. வருஷா வருஷம் சிரில் போன நாள்ல நான் வந்து ஒருதடவை தொட்டுப் பாப்பேன். சரியா?" சரி என்றேன். முன்பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக நான் உன்னிடம் எதையும் சொன்னதில்லை. நீயும் கண்ணை விரித்துக் கேட்டாய், எந்த வருடத்துது, எந்தக் கம்பெனி, லேபிளில் என்ன நம்பர் என்று. என் பிள்ளைக்கும் இதில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த நம்பரைப் போட்டு, அமெரிக்காவில் அதற்கு என்ன விலை என்று நீ பார்க்கப்போகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நீ முன்பணத்தை மேஜைமேல் வைத்தாய். "ஆன்ட்டி குடுத்து அனுப்புனாங்க மா. மனசு வரலியாம். அழுதாங்க. நீ போய் கேக்காத, இன்னும் சங்கடமா போயிடும்." அலமாரியில் அதற்காக ஒதுக்கிவைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். சரிடா, அவங்க பொருள், அவங்க இஷ்டம் என்றேன். நீ என் தோளில் தட்டி, "வேற நல்லதா ஒண்ணு கெடைக்கும் மா" என்று ஆறுதல்கூடச் சொன்னாய். மூன்று மாதத்தில் அமெரிக்கா கிளம்பினாய். ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம் எங்கிருந்துடா என்று கேட்டேன், ஃப்ரெண்டுகள் கொடுத்தார்கள் என்றாய். ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். டாரத்தி ஆன்ட்டியைப் பார்க்காமலே இருந்தேன். அவள் சங்கடப்படக்கூடாது என்று அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் தூரத்தில் பார்த்தால் வேறு கடைக்குள் நுழைந்தேன். மூன்று வருடம் இப்படி ஓடியது.

பிறகு ஒருநாள் கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புரை. கவுன்டரில் என் பெயரைச் சொன்னேன். பின்னால் இருந்து ஒரு குரல்: "இந்த வாய்ஸ் எனக்குத் தெரியுமே! ட்ரங்க் கால் பொண்ணு!" திரும்பினால் டாரத்தி ஆன்ட்டி. கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. கண் கிட்டத்தட்டப் போய்விட்டது, நிழல்தான் தெரியும் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைத் தேடிப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். "கித்தார் போச்சு, நீயும் போயிட்டே. மூணு வருஷமா ஒரு எட்டு வந்து பாத்தியா? சிரில் நாளுக்கு நீ கூப்பிடுவியோன்னு பாத்தேன். கூப்பிடல. நீ பிசியா இருப்பியோன்னு நானும் சும்னே இருந்துட்டேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். "உன் பையன் எவ்ளோ டீசன்ட் மேன்! அம்மாக்கு உடம்பு சரியில்ல, என்னை அனுப்புனாங்கன்னு வந்தான். மீதிப் பணம் கரெக்டா குடுத்தான். எடுக்கறதுக்கு முன்னாடி, 'ஆன்ட்டி, அம்மா சொன்னாங்க, நீங்க ஒருதடவை மீட்டிட்டுக் குடுங்க'ன்னு சொன்னான். நான் அழுதேன், அவன் என் கண்ணைத் துடைச்சான்."

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பொருளை எடுத்தாய், சரி. பொய் சொன்னாய், சரி. அந்த மீட்டலையுமா எடுத்துக்கொண்டாய்? ஒரு பெண் குழந்தையை வாசலில் அழவிட்டு நான் கற்றுக்கொண்டது அது. அதைத் திருடனின் சாவிபோல் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டைத் திறந்திருக்கிறாய். என் வழக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, மனம் மாறினால் நான் காரணம் கேட்கமாட்டேன் என்று உலகத்திலேயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த ஓட்டை வழியாகவே வந்தாய். டாரத்தி ஆன்ட்டி, "எப்படி இருக்கு சிரில் கித்தார்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றேன். அடுத்த மாதம் சிரில் நாள், வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்க்கிறேன் என்றாள். வாங்க என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாஷா பாய் கடைக்குப் போனேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார், என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார். "ஆமாக்கா, தம்பிதான் கறுப்புப் பொட்டியை எடுத்துட்டு வந்துச்சு. வெளிநாட்டுக்குப் போவுது, ஒடயாம கட்டணும்னு சொல்லுச்சு. நானே மரப்பொட்டி அடிச்சு, வைக்கோல் போட்டுக் கட்டிக் குடுத்தேன். ஒரு வெள்ளைக்காரன் கார்ல வந்து ஏத்திட்டுப் போனான். நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்க்கா. உங்க புள்ளை தானே?" அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? உங்க புள்ளை தானே என்று நம்பித்தான் டாரத்தி ஆன்ட்டியும் கொடுத்தாள். என் புள்ளை தானே என்று நானும் நம்பினேன். நீ யாரையும் மிரட்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை. என் பெயரை மட்டும் செலவழித்தாய். பன்னிரண்டு வருடம் வீடு வீடாகப் போய் நான் சேர்த்தது அந்தப் பெயர்தான். அலமாரியில் இருக்கிற மரமும் தந்தியும் அதற்கு அப்புறம்தான்.

சிரில் நாளுக்கு முந்தின வாரம் நானே டாரத்தி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் உனக்காக ரோஸ் குக்கீஸ் சுட்டு வைத்திருந்தாள், கண் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டு, அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டுமாம். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தேன். வாய் வரவில்லை. "ஆன்ட்டி, கித்தார் இல்ல. நான் வித்துட்டேன்" என்றேன். "எப்போ?" என்றாள். "வாங்கின ஒடனே." "யாருக்கு?" "வெளிநாட்டுக்காரனுக்கு." "அப்போ அந்த எட்டு நாளு, ப்ராமிஸு, லாஸ்ட் டைம் மீட்டச் சொன்னது, எல்லாம் நாடகமா?" ஆமா என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் தடியை ஊன்றி எழுந்து வாசல்வரை வந்தாள். "இந்த வீட்டுக்கு இனிமே நீ வராதே. உன்னை நான் பொண்ணுன்னு சொன்னேன். உன் பையன் பாவம், அவனுக்கு இது தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடும். அவன்கிட்ட சொல்லாதே." சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன், அவளுக்குக் கண் தெரியாது என்பது மறந்துபோய். அவள் கதவைச் சாத்தினாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பெருமையடிக்கமாட்டேன். என் பிள்ளை திருடன் என்று என் வாயால் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் ஒரு பொருளும் வாங்கவில்லை. பாஷா பாய் பையனை அனுப்புவதை நிறுத்திவிட்டார். உன் கோபம் எனக்குப் புரிகிறது, உன் ஆசை எனக்குப் புரிகிறது, அமெரிக்கா போனால்தான் ஆள் ஆகமுடியும் என்று நீ நினைத்ததும் புரிகிறது. என்னிடம் கேட்டிருந்தால் அலமாரியில் இருந்ததில் எதை வேண்டுமானாலும் விற்றுக் கொடுத்திருப்பேனா? கோர்ஸ் விஷயத்தில் நான் நடந்துகொண்டதைப் பார்த்தால் நீ நம்பியிருக்கமாட்டாய். ஆனால் நீ கேட்கவே இல்லையே. கேட்காமல் நான் நம்பினவளிடமிருந்து எடுத்தாய், அதை என் கையால் எடுத்ததுபோல் செய்தாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் உன்னை நேசிக்கிறேன். உன்னை மன்னிக்க இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன, ஒன்று இருப்பதால் மற்றது கிளம்பிப் போவதாக இல்லை.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு ஒரு புத்திமதியாவது சொல்லவேண்டும் இல்லையா? நீ கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் ஃபோனில் நாலு தடவை பேசினேன். துருவித் துருவிக் கேட்கிற பெண்ணாகத் தெரியவில்லை. நீ சொன்னால் சரி என்று போகிறவள். அப்படிப்பட்டவர்களிடம்தான் நீ அதிகம் பயப்படவேண்டும். கேள்வி கேட்கிறவர்களை ஏமாற்றுவது கஷ்டம், அதனால் உனக்கு ஆபத்தில்லை. கேள்வி கேட்காதவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு உன்னை நம்பித் தூங்குகிறார்கள். லேட்டாக வந்தால் ஏன் லேட் என்று அவள் கேட்காவிட்டாலும் சொல். பணம் எங்கே போனது என்று கேட்காவிட்டாலும் சொல். அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கவேண்டும், வரவில்லை. அவளிடமிருந்தாவது கற்றுக்கொள்.

இனிதான் நான் இவ்வளவும் எழுதியதற்குக் காரணம். உன் கல்யாணச் செய்தி டாரத்தி ஆன்ட்டி காதுக்குப் போயிருக்கிறது. பாஷா பாயிடம் சொல்லி அனுப்பினாள்: "பையனுக்கு நான் வருவேன், அம்மாக்காக இல்ல. அவன் தலைல கை வச்சு பிளெஸ் பண்ணணும். யாராச்சும் என்னை மேடைக்குப் புடிச்சு ஏத்திவிடணும், அவ்ளோதான்." பத்திரிகையை அவர் கையில்தான் கொடுத்தனுப்பினேன். நீ ஊருக்கு வந்ததும் அவள் வீட்டுக்குப் போ. தனியாகப் போ. நான் கூட வந்தால் கதவு திறக்காது, உனக்குத் திறப்பாள், உள்ளே உட்காரவைத்து ஏதாவது தின்னக் கொடுப்பாள். தின்பதற்கு முன்னால் சொல்லிவிடு. என்ன வார்த்தை என்று நான் எழுதித் தரமாட்டேன். அவள் உன்னை அடிக்கலாம், வெளியே போ என்று கத்தலாம், கல்யாணத்துக்கு வராமல் போகலாம். அதெல்லாம் உனக்கும் அவளுக்கும் நடுவில்.

நீ போகாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன். கல்யாணத்தை நிறுத்தமாட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டு, எல்லாப் போட்டோவிலும் சிரிப்பேன். டாரத்தி ஆன்ட்டி ஆட்டோவில் வந்து இறங்கும்போது வாசலில் நான்தான் நிற்பேன். அவள் கையைப் பிடித்து, படி படியாக ஏற்றி, உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். அவள் உன் தலையைத் தடவி, நல்ல பையன் என்று சொல்லி ஆசீர்வாதம் பண்ணும்போது நானும் பக்கத்தில்தான் இருப்பேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு அதே கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் என் குரல் அவளுக்குத் தெரிந்துவிடும், கையை உதறிவிடுவாள்.

அம்மா